'மதிப்புக்குரிய விசு ஐயாவுக்கு...' - அத்தை தபாலில் சேர்க்காத கடிதமும், ஞாயிறு காலை அரட்டை அரங்கமும்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைப் பேசினாலும் எங்கள் காதில் தலைப்பாகத்தான் விழும். பக்கத்து வீட்டு அக்கா மாமியாரைப் பற்றிப் புலம்பினால்கூட, 'இதுல எந்த வரியை தம்ப்நெயில்ல போடலாம்?' என்று மனசு கணக்குப் போடும்.

போன மாதம் ஒரு பழைய டாக் ஷோவிலிருந்து ஒரு துண்டு வீடியோ வெட்டினேன். ஒரு பெண் எழுந்து நின்று ஏதோ பேசுகிறார். பேசப் பேச குரல் உடைந்து அழுகிறார். மொத்தம் ஏழு நிமிடம். அழுகிற இடத்தை மட்டும் எடுத்து, 'கதறி அழுத பெண்... உறைந்துபோன அரங்கம்!' என்று தலைப்பு வைத்தேன். நன்றாக ஓடியது.

அந்த வார லீவில் ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் உறுவையாறு. புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூன். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பெருமையாகப் போனில் அந்த வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு அழுவுது, சரி. அதுக்கு முன்னாடி இன்னாமோ சொல்லியிருக்குமே, அது எங்க?"

"அது நீளமா இருந்துச்சு அத்த. வெட்டிட்டேன்."

"எதுக்கு அழுவுதுன்னே தெரியாம எதுக்குப் பாக்குறாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தை உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து மூன்று தாளை எடுத்து நீட்டினார். என் அண்ணனின், அதாவது அத்தை மகனின் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். முதல் வரி இப்படி இருந்தது: 'மதிப்புக்குரிய விசு ஐயா அவர்களுக்கு, உறுவையாறிலிருந்து எழுதிக்கொள்வது.'

யார் இந்த விசு?

என் வயதில் இருப்பவர்களுக்கு விசு என்றால் மீம்ஸில் வரும் கண்ணாடிக்காரர். ஒரே வார்த்தையை நாலு விதமாகத் திருப்பிப் போட்டு, கேட்பவரைக் கிறுகிறுக்க வைக்கிற அப்பா. எங்கள் அம்மா, அத்தை தலைமுறைக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை காலை.

விஸ்வநாதன் என்பதுதான் விசுவின் முழுப்பெயர். பிறந்தது 1945 ஜூலை 1. மேடை நாடகத்திலிருந்து வந்தவர். அவர் எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை கே.பாலசந்தர் 1977-ல் படமாக்கினார். 1981-ல் வந்த 'தில்லு முல்லு' படத்தில் ரஜினியும் தேங்காய் சீனிவாசனும் அடித்த வசனக் கூத்துக்குப் பின்னால் இருந்த பேனா விசுவுடையது. அதே ஆண்டு, அவருடைய நாடகத்தை வைத்து எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'குடும்பம் ஒரு கதம்பம்' படத்தில் நடிக்கவும் செய்தார். 1982-ல் 'கண்மணி பூங்கா' மூலம் இயக்குநர் ஆனார். அதே ஆண்டில் வந்த 'மணல் கயிறு', எட்டு கண்டிஷன் போட்டுப் பெண் தேடும் மாப்பிள்ளையின் கதை. அந்த எட்டு கண்டிஷன் இன்றைக்கும் கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் ஜோக்காக உலவுகிறது.

1986-ல் ஏவி.எம். தயாரிப்பில் வந்தது 'சம்சாரம் அது மின்சாரம்'. வீட்டுக்கு நடுவே கோடு போட்டு அப்பாவும் மகனும் பிரிகிற கதை. பொழுதுபோக்குப் படங்களுக்கான தேசிய விருதான தங்கத் தாமரையை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது. 1992-ல் குடிப்பழக்கம் குடும்பத்தை என்ன செய்கிறது என்பதை வைத்து 'நீங்க நல்லா இருக்கணும்' எடுத்தார். சமூகப் பிரச்னையைப் பேசும் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இந்தப் படத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

மைக் கைமாறியது

சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14. அதுவரை டிவியில் பேசுகிறவர்கள் என்றால் செய்தி வாசிப்பவர், நடிகர், அமைச்சர், மருத்துவர், வேளாண் அதிகாரி. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதில் இடம் கிடையாது.

விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' அந்த வரிசையை மாற்றியது. ஊர் ஊராகப் போய் அரங்கம் போடுவார்கள். ஒரு தலைப்பு இருக்கும். கல்லூரி மாணவி, கண்டக்டர், இல்லத்தரசி, ரிட்டையர்டு வாத்தியார், பள்ளிக்கூடச் சிறுவன் என்று ஆளாளுக்கு எழுந்து பேசுவார்கள். தலைப்பு பொதுவானதுதான். ஆனால், பேசுகிறவர் தன் வீட்டிலிருந்துதான் தொடங்குவார். 'என் அப்பா ரிக்‌ஷா ஓட்டுறார்' என்று ஒரு பெண் தொடங்கினால், அடுத்த இரண்டு நிமிடம் ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்கும். படிக்க வசதி இல்லை என்று அந்த மேடையில் சொன்ன பிள்ளைகளுக்கு, பார்த்துக்கொண்டிருந்த யாரோ உதவ முன்வந்ததும் நடந்தது.

"அப்ப எங்க தெருவுல ரெண்டு வீட்டுலதான் கேபிள் இருந்துச்சு. ஞாயித்துக்கெழம காலைல அம்மிக்கல்லுல மசாலா அரைச்சு வெச்சுட்டு ஓடுவோம். நடிகருங்கள பாக்கப் போவல. நம்மள மாதிரி பொம்பள ஒருத்தி மைக்கைப் புடிச்சுப் பேசுறத பாக்கத்தான் போனோம்" என்றார் அத்தை.

யூடியூபில் கிடைக்கும் பழைய துண்டுகளைத் தேடிப் பார்த்தேன். தொழில்ரீதியாகச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. பேசுகிறவர் திணறினால் விசு ஒரு சின்ன கிண்டல் அடித்து அவரைச் சிரிக்க வைத்துவிடுவார். மூச்சு வந்துவிடும். அளந்து விட்டால் நடுவில் வெட்டி, 'நேரா விஷயத்துக்கு வாங்க' என்கிற தோரணையில் இழுத்துவிடுவார். ஒருவர் அழுதால் உடனே அடுத்தவரிடம் போகமாட்டார். அந்த அழுகைக்குக் காரணமான விஷயத்தை எடுத்து, மொத்த அரங்கத்துக்குமான கேள்வியாக்குவார். நாடகக்காரர் என்பதால் எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டு வரும் என்று அவருக்குத் தெரியும். அதையும் பயன்படுத்திக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. கடைசி வார்த்தை எப்போதும் அவருடையதாகவே இருந்தது. அவர் படங்களில் வரும் அப்பாக்கள் மாதிரி, அங்கும் ஒரு குடும்பத் தலைவரின் குரல்தான். பெண்களுக்கு அவர் சொல்லும் புத்திமதிகளில் பல இன்று என் வயதுப் பெண்களுக்குக் கோபம் வரவைக்கும். எனக்கும் வந்தது. ஆனாலும், புத்திமதி சொல்வதற்கு முன் முழுசாகக் கேட்டார் என்பதை மறுக்க முடியவில்லை.

அமெரிக்காவிலும் ஓர் ஆள் மைக்கை நீட்டினார்

இந்த வேலைக்கு உலகத்தில் ஒரு முன்னோடி உண்டு. பெயர் ஃபில் டோனஹ்யூ. 1967-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், டேட்டன் என்ற ஊரில், உள்ளூர் டிவியில் பகல் நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின் வீட்டில் இருக்கும் பெண்கள்தான் பார்வையாளர்கள். விளம்பர இடைவேளையில் அரங்கில் இருந்த பெண்கள் விருந்தினரிடம் கேட்ட கேள்விகள், தான் தயாரித்து வந்த கேள்விகளைவிட நன்றாக இருப்பதை டோனஹ்யூ கவனித்தார். மைக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். 1996 வரை அந்த நிகழ்ச்சி ஓடியது. 1986-ல் அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கி 2011 வரை கொடிகட்டிப் பறந்த ஓப்ரா வின்ஃப்ரே, டோனஹ்யூ இல்லையென்றால் தான் இல்லை என்று சொல்லியிருக்கிறார். டோனஹ்யூ 2024 ஆகஸ்டில் காலமானார்.

டேட்டனில் நடந்தது வேறு, நம் ஊர் டவுன் ஹாலில் நடந்தது வேறு. ஆனால், இரண்டு பேரும் ஒரே விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

அரங்கம் பஞ்சாயத்து ஆனபோது

விசு பின்னர் ஜெயா டிவிக்குப் போய் 'மக்கள் அரங்கம்' நடத்தினார். 'அரட்டை அரங்கம்' டி.ராஜேந்தர் கைக்கு வந்தது. என் சிறுவயது ஞாபகத்தில் இருப்பது அடுக்குமொழியோடு வந்த அந்த டி.ஆர். அரங்கம்தான்.

இன்னொரு சுவாரஸ்யம். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் விசுவின் மூத்த மருமகளாக, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டு, தள்ளியிருப்பதே நல்லது என்று கடைசியில் முடிவெடுக்கும் உமாவாக நடித்தவர் லட்சுமி. பிறகு அவரும் டாக் ஷோ தொகுப்பாளர் ஆனார். விஜய் டிவியில் அவர் நடத்திய 'கதையல்ல நிஜம்' பலருக்கு ஞாபகம் இருக்கும். திரையில் மாமனாரும் மருமகளுமாக இருந்த இருவரும் டிவியில் மைக் பிடித்தார்கள். ஆனால், மைக்குக்கு எதிரே இருந்த நாற்காலி மாறியிருந்தது. அரங்கத்தில் பொதுத் தலைப்பைப் பேச வந்தவர்களுக்குப் பதிலாக, தன் சொந்தக் கதையோடு வந்தவர் உட்கார்ந்தார்.

2011-ல் ஜீ தமிழில் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை' அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. முதலில் நிர்மலா பெரியசாமி, பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன் தொகுத்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் தொகுப்பாளர். அதனால் நியாயம் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் மூடிவைத்த கொடுமைகள் வெளியே வந்ததும் உண்மை. கூடவே, ஒரு குடும்பத்தின் முகம் ஊருக்கே தெரிந்துபோனதும் உண்மை. நிகழ்ச்சி முடிந்து, கேமராவை மடித்து எடுத்துக்கொண்டு எல்லோரும் போனபின், அந்தக் குடும்பம் அதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

நான் வெட்டுகிற துண்டு வீடியோ அதற்கும் அடுத்த கட்டம். அதில் கணவன், மனைவி, தொகுப்பாளர் யாரும் முக்கியமில்லை. கண்ணீர் மட்டும் போதும்.

ஏழு மணிக் கணக்கு

இப்போது அத்தையின் கடிதம்.

அத்தை எட்டாவது வரை படித்தவர். எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல் இருந்தது. அரங்கத்தில் பேச வாய்ப்புக் கேட்டு எழுதியிருந்தார். என்ன பேசப் போகிறேன் என்பதையும் எழுதியிருந்தார்.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: எங்கள் மாநிலத்தில் சாராயக்கடை சட்டப்படி நடப்பது. அரசாங்கமே ஏலம் விடும். கடை பெரும்பாலும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

மாமாவுக்கு மூட்டை தூக்கும் வேலை. சனிக்கிழமை கூலி. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அத்தை எழுதியிருந்தது இது:

'சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பெண்கள் ரோட்டில் போய் நிற்போம். வேடிக்கை பார்க்கிறோம் என்று நினைப்பார்கள். ஏழு மணிக்குள் அவரைப் பிடித்துவிட்டால் அரிசி, மளிகை, பிள்ளைக்கு நோட்டு. ஏழரைக்குப் பிடித்தால் அரிசி மட்டும். எட்டு மணிக்கு மேல் பிடித்தால் அவர் மட்டும்தான் கிடைப்பார். ஐயா, இந்தக் கணக்கு எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். டிவியில் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.'

கேபிளில் போட்ட 'நீங்க நல்லா இருக்கணும்' பார்த்த மறுநாள் எழுதியதாம். "குடியைப் பத்தி படம் எடுத்தவரு, நம்ம கணக்கைக் கேப்பாருன்னு தோணுச்சு" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. என் வியாதியும் உடனே வேலை செய்தது. 'ஏழு மணிக்குள் பிடித்தால் அரிசி...' என்ன ஒரு தலைப்பு! சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால், அப்படித்தான் தோன்றியது.

"ஏன் அத்த போஸ்ட் பண்ணல? மாமா வேணாம்னுட்டாரா?"

"அவருக்குத் தெரியவே தெரியாது."

"அப்புறம்?"

அத்தை கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம காலைல உங்க மாமா தெளிவா இருப்பாரு. மத்தியானம்தான் போவாரு. அதுவரைக்கும் அவரும் எங்கூட வந்து அரட்டை அரங்கம் பாப்பாரு. யாராச்சும் அழுதா அவருக்கும் கண்ணு கலங்கும். விசு ஏதாச்சும் நல்லது சொன்னா தலையாட்டுவாரு. குடியைப் பத்தி ஒருத்தி பேசுனா, 'பாவம்டி அந்தப் பொண்ணு'ம்பாரு. பக்கத்துல உக்காந்து தலையாட்டுற மனுஷன, நானே அந்தப் பொட்டில ஏறி நின்னு காட்டிக்குடுக்கணுமா? அந்த ரெண்டு மணி நேரம்தான் அவரு எனக்கு மனுஷனா கெடைக்கிற நேரம். அதையும் விட்டுட்டு அப்புறம் எங்க போறது?"

மாமா இறந்து எட்டு வருடம் ஆகிறது.

எனக்கு அத்தை மீது கோபம்கூட வந்தது. பேசியிருக்க வேண்டும் என்று தோன்றியது. நாலு பேர் பேசியிருந்தால்தானே எதுவும் மாறும்? அதையும் கேட்டேன்.

"பேசணும்தான். இல்லன்னு சொல்லல. ஆனா பேசுறவளுக்கு இன்னா செலவாவுதுன்னு உனக்குத் தெரியணும். நீ டிவிக்காரி மாதிரி பேசாத" என்றார்.

யாரும் கைதட்டாத ஞாயிறு

விசு காலமானது 2020 மார்ச் 22. வயது 74. சிறுநீரகப் பாதிப்போடு போராடிக்கொண்டிருந்தார். அந்தத் தேதியை நீங்கள் வேறொரு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருப்பீர்கள். கொரோனாவுக்காக நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு நடந்த நாள். காலை 7 மணியிலிருந்து இரவு 9 மணி வரை யாரும் வெளியே வரக் கூடாது. சாயங்காலம் 5 மணிக்கு மட்டும் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினோம், தட்டைத் தட்டினோம்.

அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் ஊராக அரங்கத்தை நிரப்பியவருக்குக் கூட்டம் கூடி வழியனுப்ப முடியாத காலம். உறுவையாறில் எங்கள் வீட்டில் டிவியில் செய்தி ஓடியது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். அத்தை வந்து நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அன்றைக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

மீதி ஐந்து நிமிடம்

ஊரிலிருந்து திரும்பியதும் அந்தப் பழைய வீடியோவை மறுபடி திறந்தேன். நான் வெட்டி எறிந்த ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் தன் மகளின் பள்ளிக் கட்டணம் பற்றி, வட்டிக்கு வாங்கிய கடன் பற்றி, அதைத் தவணையாக அடைத்த விதம் பற்றி ஒவ்வொரு ரூபாயாகச் சொல்லியிருந்தார். எல்லாம் கணக்கு. அழுகை கடைசியில்தான் வருகிறது. அதுவும், கடனை முழுசாக அடைத்த இடத்தில். நான் வைத்த தலைப்பில் அவர் கதறினார். உண்மையில் அவர் ஜெயித்திருந்தார்.

முழு ஏழு நிமிடத்தையும் வேறு தலைப்போடு போட்டேன். அழுகை வீடியோ ஓடியதில் பாதிகூட ஓடவில்லை. எங்கள் வேலையில் அதுவும் ஒரு கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் கேள்வி வரும், வந்தது. இனி எல்லா வீடியோவையும் அப்படியே போடுவேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், வெட்டுவதற்கு முன் ஒருமுறை முழுசாகக் கேட்கிறேன். அவர் எதற்காக மைக்கைப் பிடித்தாரோ, அது துண்டில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அதுதான்.

போன வாரம் அத்தைக்குப் போன் செய்தேன். "அந்த லெட்டரைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். யோசித்தார். கடிதத்தை எடுத்துவரச் சொன்னேன். போனிலேயே முழுசாக வாசித்துக் காட்டினார். 'எட்டு மணிக்கு மேல் பிடித்தால் அவர் மட்டும்தான் கிடைப்பார்' என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இந்த முறை யாரும் அழவில்லை.

பிறகு சொன்னார்:

"எழுது. எம் பேரு போடாத, உன் மாமா பேரும் போடாத. ஆனா அந்த ஏழு மணிக் கணக்கு இருக்கு பாரு, அத மட்டும் சுருக்காம எழுது."

சுருக்கவில்லை, அத்த.